சாமி மேடைக்கு அரைவட்ட வளைவு: வளையும் பிளைவுட்டில் முதன்முறை வேலை செய்பவர்களுக்கு

பினாங்கில் புது வீட்டுக்குக் குடிபோகும் நம்மவர்கள் தச்சரிடம் முதலில் பேசுவது சாமி மேடையைப் பற்றித்தான். வரவேற்பறையில் ஒரு மூலை, இரண்டடி அகலம், அதற்குள் பிள்ளையாரும் முருகனும் அம்மனும் அடங்க வேண்டும். மேலே கோயில் திருவாச்சி போல ஒரு வளைவும் இருந்தால் நல்லது என்பார்கள். பெட்டி அடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். வளைவு என்றதும் கை தயங்குகிறது. எம்டிஎஃப் பலகையில் முன்பக்கம் மட்டும் வளைவாக அறுத்து ஒட்டிவிட்டு, உள்ளே சதுரமாகவே விட்டுவிடுகிறார்கள். விளக்கேற்றினால் அந்தச் சதுரம் தெரியும்.

உள்ளும் புறமும் உருண்டு இறங்கும் உண்மையான அரைவட்ட வளைவை வீட்டிலேயே செய்யலாம். அதற்கான சரக்குதான் வளையும் பிளைவுட். புக்கிட் மெர்தாஜாமில் என் பட்டறையில் பல வருடங்களாக இதைப் பயன்படுத்துகிறேன். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது, வளைவைத் தருவது பலகை அல்ல, அச்சு என்பதுதான். அச்சு எப்படியோ பலகை அப்படி. வேலைக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் ஒன்றரை நாள் அச்சுக்குப் போகட்டும்.

இது என்ன பலகை

சாதாரண பிளைவுட்டில் மெல்லிய மர ஏடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, நார் குறுக்கும் நெடுக்குமாக மாறி மாறி ஒட்டப்பட்டிருக்கும். அதனால்தான் அது எந்தப் பக்கமும் வளையாமல் விறைப்பாக நிற்கிறது. வளையும் பிளைவுட்டில் பெரும்பாலும் மூன்றே ஏடுகள். மேலும் கீழும் உள்ள இரண்டு தடித்த ஏடுகளிலும் நார் ஒரே திசையில் ஓடும். நடுவில் காகிதம்போல மெல்லிய ஏடு ஒன்று குறுக்காக இருக்கும். அது பலகை பிளந்துபோகாமல் பிடித்துக்கொள்வதற்கு மட்டும்.

கோரைப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். பாயைச் சுருட்டினால் கோரை சுருளின் நெடுக்கே கிடக்கும், சுலபமாகச் சுருளும். மறுபக்கமாகச் சுருட்டப் பார்த்தால் கோரை முறியும். இந்தப் பலகையும் அதே கணக்குதான். நார் ஓடும் திசை, உருளை நீண்டு கிடக்கும் திசையாக இருக்க வேண்டும்.

மெரந்தி போன்ற இலேசான மரங்களிலும் இலவ மரத்திலும் இதைச் செய்கிறார்கள். இலவம் பஞ்சு காய்க்கும் அதே மரம்தான், மலாயில் கெக்காபு என்பார்கள். மரம் மிருது, அதனால் வளைகிறது. அதே காரணத்தால் திருகாணி அதில் பிடிக்காது, பூச்சி சீக்கிரம் அரிக்கும், நகம் பட்டாலும் தடம் விழும். இது ஒரு தோல். எலும்பு வேலையை இதனிடம் கேட்கக் கூடாது.

கடையில்

பிறை, புக்கிட் மெர்தாஜாம், தீவுப் பக்கம் ஜெலுத்தோங் எனப் பலகைக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாக் கடையிலும் இது இருப்பில் இருக்காது, போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். 'ஃபிளெக்சிபிள் பிளைவுட்' என்றே கேட்கலாம். வழக்கமான 8 அடிக்கு 4 அடி அளவில் வரும். 5 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் கனங்கள் அதிகம் புழங்குகின்றன. அதே கனத்துச் சாதாரண பிளைவுட்டைவிட விலை கூடுதல்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்றைச் சுருட்டினால் 8 அடி உயரத் தூண் போல நிற்கும். இன்னொன்றைச் சுருட்டினால் 4 அடி உயர பீப்பாய் போல நிற்கும். பெயரையும் சீட்டில் எழுதிய எண்களையும் நம்பாதீர்கள், கடைக்குக் கடை சொல்வது மாறும். பலகையைக் கீழே இறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் கையால் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சட்டென்று சுருளும், மறுபக்கம் எதிர்க்கும். ஒருமுறை கடை மேசை ஒன்றுக்காக நான் அப்படிப் பார்க்காமல் வாங்கி வந்துவிட்டேன். மூன்றடி உயரம், ஆறடிச் சுற்று. பீப்பாய் வகை தேவைப்பட்ட இடத்தில் கையில் இருந்ததோ தூண் வகை. சுற்றுக்கு நான்கடிதான் எட்டியது. நடுவில் இணைப்பு விழுந்தது. எவ்வளவு தேய்த்தும், மழைக்காலத்தில் அந்த இணைப்பு கோடாகத் தலைகாட்டியது.

சாமி மேடை போன்ற சிறிய வேலைக்கு எந்த வகையானாலும் சமாளிக்கலாம். துண்டுகளைத் திருப்பிப் போட்டு வெட்டினால் போதும். தூணுக்கும் நீள மேசைக்கும்தான் வகை முக்கியம்.

பலகையின் ஓரத்தையும் உற்றுப் பாருங்கள். ஏடுகளுக்கு நடுவில் பொந்து இருந்தால் அந்த இடத்தில் வளைவு உடையும். ஏடு மேல் ஏடு ஏறியிருந்தால் அங்கே மேடு தெரியும். கருத்த திட்டும் பூஞ்சை வாடையும் இருந்தால் ஈரத்தில் கிடந்த சரக்கு, வேண்டாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி. 8 அடிப் பலகை மின்தூக்கியில் நுழையாது, ஆனால் பீப்பாய் வகையைச் சுருட்டிக் கயிறு கட்டி எடுத்துப் போகலாம். 5 மில்லி பலகை ஆறேழு கிலோதான் இருக்கும், காரிலும் ஏறிவிடும். வீட்டுக்குப் போனதும் கயிற்றை அவிழ்த்துத் தட்டையாகப் போடுங்கள். சுருட்டியே வைத்தால் அந்த வளைவு பலகையிலேயே தங்கிவிடும்.

எவ்வளவு இறுக்கமாக வளைக்கலாம் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. என் கைக்கணக்கில் 5 மில்லி பலகைக்கு 150 மில்லிமீட்டர் ஆரம், 8 மில்லிக்கு 300. அதற்குக் கீழே போக வேண்டுமென்றால் முதலில் ஒரு துண்டை வளைத்து, மேற்பரப்பில் மயிரிழை விரிசல் விழுகிறதா என்று பாருங்கள். மூன்றடி ஆரத்துக்கு மேலான படிந்த வளைவுக்கு இந்தச் சரக்கே தேவையில்லை. சாதாரண 3 மில்லி பிளைவுட்டை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டினால் மலிவாகவும் கெட்டியாகவும் முடியும்.

கணக்கு

நம் வளைவின் உள் அகலம் 600 மில்லி, ஆக ஆரம் 300. ஆழம் 350. 5 மில்லி பலகையை மூன்று அடுக்காக ஒட்டினால் 15 மில்லி கனத்தில் தானே நிற்கும் ஓடு கிடைக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் மூன்று துண்டையும் ஒரே நீளத்துக்குச் சரியாக வெட்டிவிட்டுத் தவிப்பார்கள். வெளியே போகப் போக அடுக்கின் சுற்று கூடும். அரைவட்டத்தில் ஒவ்வொரு 5 மில்லி அடுக்குக்கும் சுமார் 16 மில்லி. முதல் அடுக்கு 950 மில்லி என்றால் இரண்டாவது 966, மூன்றாவது 982. இரு காலிலும் நேராக இறங்கும் பகுதிக்கு 50, 50 சேர்த்தால் நீளமான அடுக்குக்கு 1082 வரும். மூன்றையும் 1100 நீளம், 380 அகலமாகவே வெட்டிக்கொள்ளுங்கள், மிச்சத்தைப் பிறகு சீவலாம். 380 இருக்கும் திசையில்தான் நார் ஓட வேண்டும். அச்சுக்குப் போர்த்த அதே அளவில் இன்னொரு துண்டு. நான்கும் ஒரே பலகையில் அடங்கும்.

அரைவட்டம் வேண்டாம், படிந்த வளைவு போதும் என்பவர்கள் ஆரத்தை இப்படிக் கண்டுபிடிக்கலாம். அகலத்தின் பாதியை அதே எண்ணால் பெருக்குங்கள். வளைவின் உயரத்தால் வகுங்கள். வந்ததோடு உயரத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆரம். அகலம் 1200, உயரம் 200 என்றால் 600ஐ 600ஆல் பெருக்கி 200ஆல் வகுக்க 1800, அதோடு 200 கூட்ட 2000, பாதி 1000. ஒரு மீட்டர் ஆரம்.

அச்சு

18 மில்லி பிளைவுட்டில் ஆறு விலாக்கள், அதாவது அச்சைத் தாங்கி நிற்கும் வளைந்த பலகைகள், வேண்டும். கட்டுமான இடத்தில் கழித்துப்போட்ட பலகையாக இருந்தாலும் சரி, வளையாமல் இருந்தால் போதும். விலாவின் மேற்புறம் 295 மில்லி ஆரத்தில் அரைவட்டம், கீழே 50 மில்லி நேராக இறங்கும் கால். 300 அல்ல, 295. அதன்மேல் 5 மில்லி பலகை ஒன்று போர்த்தப்போகிறோம், இரண்டும் சேர்ந்து 300.

வட்டத்தைக் கயிறு கட்டி வரையாதீர்கள், கயிறு இழுபடும். மெல்லிய மரச்சட்டத்தின் ஒரு முனையில் ஆணி, 295 மில்லி தள்ளி ஒரு துளை, அதில் பென்சில். ஒரே ஒரு விலாவை ஜிக்சாவால் கோட்டுக்குச் சற்று வெளியே அறுத்து, உப்புத்தாள் சுற்றிய கட்டையால் கோடுவரை தேய்த்துச் சரிசெய்யுங்கள். அவசரம் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடு பள்ளம் கண்ணைவிட நன்றாகத் தெரியும். அது சரியான பிறகு, அதை வைத்தே மற்ற ஐந்தையும் வரைந்து அறுங்கள். ஆறையும் ஒன்றாக அடுக்கி கிளாம்ப் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்தால் ஒரே அளவுக்கு வந்துவிடும்.

ஒரு தடித்த அடிப்பலகையில் விலாக்களை 54 மில்லி இடைவெளி விட்டு நிறுத்துங்கள். இடைவெளிக்கு ஒரே அளவில் கட்டைகள் அறுத்து நடுவில் கொடுத்தால் அளக்க வேண்டியதே இல்லை. மூலைமட்டம் வைத்து ஒவ்வொன்றும் நேராக நிற்கிறதா என்று பார்த்துத் திருகாணி போடுங்கள். பிறகு நான்காவது துண்டை மேலே போர்த்தி, இரு கால்களிலும் திருகாணியால் பிடித்துவிடுங்கள். ஆணித்தலை மேலே துருத்தக் கூடாது.

ஏன் போர்த்துப் பலகை, மரப்பட்டைகளை வரிசையாக அடித்தால் போதாதா என்று கேட்பார்கள். என் அக்கா வீட்டு மேடைக்கு நான் அப்படித்தான் செய்தேன். இரண்டு அங்குலப் பட்டைகளை விலாக்களின் மேல் குறுக்கே வரிசையாக அடித்து, அதன்மேல் ஒட்டினேன். கழற்றும்போது கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. வெள்ளைச் சாயம் பூசிக் கொண்டுபோய் வைத்தோம். அன்று சாயங்காலம் அக்கா காமாட்சி விளக்கை ஏற்றி, கூடத்து விளக்கை அணைத்தார். கீழிருந்து எழுந்த வெளிச்சத்தில் வளைவு முழுக்கப் பட்டை பட்டையாக, மடித்துப் பிரித்த காகிதம் போலத் தெரிந்தது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 மில்லி ஆரத்தில் 50 மில்லி அகலத் தட்டைப் பட்டை வைத்தால், நடுவில் வட்டத்திலிருந்து விலகுவது 1 மில்லிமீட்டர். அந்த ஒரு மில்லியைத்தான் விளக்கு காட்டியது. மறுமாதம் வேறு செய்து மாற்றிக் கொடுத்தேன்.

ஒட்டுவதற்கு முன்பே அச்சை இருட்டில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். அங்கே தெரியும் மேடு பள்ளம் எல்லாம் ஓட்டிலும் தெரியும்.

வெட்டுதலும் ஒத்திகையும்

இந்தப் பலகை அறுக்கும்போது படபடக்கும், நாருக்குக் குறுக்கே பிசிறும். அடியில் ஒரு வீண்பலகை கொடுத்து, கோட்டைக் கூர்மையான கத்தியால் கீறிவிட்டு, நுண்பல் ரம்பத்தால் அறுங்கள்.

அடுத்தது பசை இல்லாத ஒத்திகை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். மூன்று அடுக்கையும் அச்சின்மேல் போட்டு, லாரியில் சரக்கு கட்டும் வார் மூன்றால் இழுத்து இறுக்கிப் பாருங்கள். வார் நேராகப் பலகையில் பட்டால் அந்த இடம் மட்டும் அழுந்தும். அதனால் ஓர் அங்குல மரக்குச்சிகளை நெருக்கமாக, நார் ஓடும் திசையிலேயே அடுக்கி அதன்மேல் வாரைக் கொடுங்கள். எந்த வார் முதலில், குச்சிகளை யார் பிடிப்பது, கிளாம்ப் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் இப்போதே முடிவாக வேண்டும். பசை பூசிய பிறகு யோசிக்க நேரம் இருக்காது. கூட ஓர் ஆள் கட்டாயம்.

ஒட்டுதல்

கடையில் எளிதாகக் கிடைப்பது வெள்ளைப் பசை, அதாவது பிவிஏ. கையாளச் சுலபம். ஒரு குறை உண்டு: காய்ந்த பிறகும், தொடர்ந்து இழுவிசை இருந்தால் மெல்ல மெல்ல நழுவும். இரு காலையும் பக்கப் பலகையில் பிணைக்கப்போகும் நம் வளைவுக்கு அது போதும். எதிலும் பிணைக்காமல் தானே நிற்க வேண்டிய வளைவானால், தண்ணீரில் கரைக்கும் யூரியா பிசின் பொடியோ எப்பாக்சியோ வாங்குங்கள், அவை கல்லாக இறுகும். யூரியா பிசின் கண்ணையும் மூச்சையும் உறுத்தும், ஜன்னலைத் திறந்துவைத்து முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். லேமினேட் ஒட்டும் மஞ்சள் ரப்பர் பசையை அடுக்குகளுக்கு நடுவில் மட்டும் போடாதீர்கள். அது எப்போதும் கொஞ்சம் ரப்பராகவே இருக்கும், வளைவு விரிந்துகொண்டே போகும்.

அச்சின்மேல் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள், இல்லையென்றால் ஓடும் அச்சும் ஒன்றாகிவிடும். முதல் துண்டின் மேல்புறம், இரண்டாவதன் இருபுறம், மூன்றாவதன் கீழ்ப்புறம் என்று உருளையால் சீராகப் பூசுங்கள். மரம் ஈரத்தை வேகமாக உறிஞ்சும், வெளுத்த திட்டு தெரிந்தால் அங்கே இன்னொரு தடவை. காலை வேளையில், மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நம் ஊர்ச் சூட்டில் விசிறிக் காற்றும் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் பசை தோல் கட்டிவிடும்.

மூன்றையும் சேர்த்து, நடுக்கோட்டை அச்சின் நடுக்கோட்டோடு பொருத்துங்கள். உச்சியில் முதலில் அழுத்தி, அங்கிருந்து இரு பக்கமும் ஒரே நேரத்தில் கீழே இறங்குங்கள். ஒரு காலை முழுக்க இறுக்கிவிட்டு மறு காலுக்குப் போனால் உச்சியில் காற்று மாட்டிக்கொள்ளும், பிறகு அது போகாது. வார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். கால்களில் தடித்த சட்டம் வைத்து கிளாம்ப் போடுங்கள். ஓரம் நெடுக முத்து முத்தாகப் பசை கசிய வேண்டும். கசியாத இடத்தில் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம், அங்கே இன்னொரு குச்சி செருகுங்கள். கசிந்ததை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட்டால் நாளை உளி எடுக்க வேண்டியதில்லை.

பசை டப்பாவில் எத்தனை மணி நேரம் எழுதியிருந்தாலும் ஒரு முழு நாள் விடுங்கள், மழைநாளாக இருந்தால் இரண்டு நாள். நம் காற்றின் ஈரத்தில் உள்ளடுக்கு மெதுவாகத்தான் காயும்.

கழற்றிய பின்

வாரை அவிழ்த்ததும் கால்கள் கொஞ்சம் வெளியே விரியும். பயப்பட வேண்டாம், எல்லா அடுக்கு வேலையிலும் நடப்பதுதான். கணக்குப்படி இரண்டு அடுக்கானால் வளைவில் நாலில் ஒரு பங்கு திரும்பும், மூன்றானால் ஒன்பதில் ஒன்று, நான்கானால் பதினாறில் ஒன்று. அடுக்கு கூடக் கூட விரிவு வேகமாகக் குறைகிறது. மெல்லிய பலகை பல அடுக்காக இருப்பது, தடித்த பலகை ஓரிரண்டு அடுக்கைவிட நல்லது என்று சொல்வது இதனால்தான். நம் வளைவின் கால்களைக் கையால் உள்ளே அழுத்திப் பக்கப் பலகையோடு பிணைத்துவிடலாம். பிணைக்க முடியாத வேலையானால் அச்சின் ஆரத்தை முன்கூட்டியே குறைத்துச் செய்ய வேண்டும், அதற்குச் சின்ன மாதிரி ஒன்று ஒட்டிப் பார்ப்பதே வழி.

ஒட்டி முடித்த வளைவை மேசையில் நிமிர்த்தி வைத்து, ஒரு கட்டையின் மேல் பென்சிலைப் படுக்கவைத்துச் சுற்றிலும் கோடு இழுத்தால் முன் ஓரம் ஒரே மட்டமாக வரும். அந்தக் கோட்டில் அறுத்து, ஆழத்தை 350க்குக் கொண்டுவாருங்கள். நேராக இறங்கும் கால்பகுதியில் வெளிப்புறமாக ஒரு சட்டம் ஒட்டி, திருகாணி அந்தச் சட்டத்தில் ஏறும்படி பக்கப் பலகையோடு இணையுங்கள். ஓட்டில் நேரடியாகப் போட்ட திருகாணி ஒரு வருடம் தாங்காது. மணியோ தொங்கு விளக்கோ மாட்ட வேண்டும் என்றால் அதன் கொக்கியும் மேல்சட்டத்துக்குத்தான் போக வேண்டும், வளைவுக்கு அல்ல.

பலகையின் மேற்பரப்பு சொரசொரப்பானது. சாயம் பூசுவதானால் மக்கு பூசி, காயவிட்டு, 180, பிறகு 240 எண் உப்புத்தாளால் தேய்த்து, அடிப்பூச்சு கொடுங்கள். தேக்கு ஏடு ஒட்டினால் அழகு தனி. ஏட்டின் நாரும் அதே திசையில் ஓடட்டும், வளைக்கும்போது கீறாது. லேமினேட் வேண்டுமென்றால் மெல்லிய வகையாகக் கேட்டு வாங்குங்கள், அதற்கு ரப்பர் பசை சரி. பளபளப்பு வகையைத் தவிர்க்கச் சொல்வேன், சின்னக் குறையையும் அது பெரிதாக்கும். பின்புறமும் வெட்டு ஓரங்களும் மறக்காமல் பூச்சு பெற வேண்டும். ஈரமும் பூச்சியும் நுழைவது அங்கேதான். அடிப்பகுதியைத் தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது தூக்கி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணில் படும்.

நெருப்பு விஷயத்தில் நான் கண்டிப்பு. இது மெல்லிய, இலேசான மரம், சீக்கிரம் பற்றும். விளக்கைச் சுடர் வளைவுக்கு நேர் கீழே வரும்படி வைக்கக் கூடாது. மேடையின் முன்பக்கம் இழுப்புத்தட்டு ஒன்று செய்து, அதன்மேல் தரையில் பதிக்கும் டைல் பதித்துவிடுங்கள். விளக்கும் கற்பூரத் தட்டும் அதில் இருக்கட்டும். ஏற்றும்போது தட்டை வெளியே இழுத்தால் சுடர் திறந்த இடத்துக்கு வந்துவிடும், புகைக்கரியும் வளைவில் படியாது.

அச்சை மட்டும் உடைத்துவிடாதீர்கள். என்னுடைய 300 மில்லி அச்சில் இதுவரை பதினோரு வளைவுகள் ஒட்டியாகிவிட்டது, அவற்றில் பாதி நான் ஒட்டியவை அல்ல. இப்போது அது பட்டர்வொர்த்தில் ஒரு தம்பி வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், பிளாஸ்டிக் போர்த்தி இருக்கிறது. அவர் முடித்ததும் சுங்கைப் பட்டாணியில் ஒருவருக்குப் போகிறது.